டைனமிக் பொசிஷனிங்: ‘உந்துநிலைகாப்பு’ சரிவருமா?

அன்புள்ள ஐயா,

நங்கூரமின்றி, தள்ளிவிடும் உந்துசுழலிகளைக் கொண்டே கப்பலைக் கடலில் ஒரே இடத்தில் நிறுத்தி வைப்பதுதான் ‘டைனமிக் பொசிஷனிங்’. அதற்குத் தமிழில் தாங்கள் முன்வைத்த ‘இயங்குநிலை அமர்த்தல்’ எனக்கு ஒப்பவில்லை. எழுத்துக்கு எழுத்து பெயர்த்த சுவடு தெரிகிறது. கப்பல் என்ன செய்கிறது என்பது தெரியவில்லை.

1961இல், பூமியின் மேலோட்டைத் துளைத்துப் பார்க்க முயன்ற மோஹோல் திட்டத்துக்காக கஸ் 1 என்ற கப்பல் மெக்சிகோவின் குவாடலூப் தீவருகே சுமார் 3,500 மீட்டர் ஆழக் கடலின் தரையைத் துளைத்தது. அந்த ஆழத்தில் நங்கூரத்தை நம்ப முடியாது. சுற்றிலும் மிதவைகளை நிறுத்தி, அவற்றை ரேடாரிலும் சோனாரிலும் பார்த்தபடி நான்கு உந்துசுழலிகளைக் கையால் திருப்பித் திருப்பிக் கப்பலை நிறுத்தினார்கள். அதே ஆண்டு ஷெல் நிறுவனப் பொறியாளர் ஹோவர்ட் ஷாட்டோ, யுரேகா கப்பலில் அந்தக் கைவேலையைத் தானியங்கிக் கருவியிடம் ஒப்படைத்தார்.  

நம் தென்னாப்பிரிக்கக் கடலில் இது ஏட்டுச் சங்கதி அல்ல. 2019இல் டோட்டல் நிறுவனம் எரிவாயுவைக் கண்ட புருல்பாடா என்ற கடலடிப் பகுதியில் ஆழம் சுமார் 1,400 மீட்டர். அகுலாஸ் நீரோட்டத்தின் வேகமோ ஊரறிந்தது. 2014இல் அங்கே தொடங்கிய துளை பாதியில் நின்றது. பிறகு வந்த டீப்சீ ஸ்டாவாங்கர் என்ற மிதக்கும் துளையிடு மேடைதான் முடித்துக்கொடுத்தது.

இதற்கு முன்மொழியப்பட்ட இன்னொரு சொல்லான ‘இடக்காப்பு’ அழகான சொல். ஆனால் காக்கப்படுவது இடம் மட்டுமல்ல, கப்பலின் முகம் எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதும்தான். ‘நிலை’ இரண்டையும் தாங்கும். நங்கூரத்தால் நிற்பதும் நிலைகாப்பே என்பதால் ‘உந்து’ முன்னால் வர வேண்டும்: நங்கூர நிலைகாப்பு, உந்துநிலைகாப்பு.

இன்னும் ஒரு சோதனை. மின்சாரம் போய்க் கப்பல் நீரோட்டத்தோடு போவது ஒன்று; கருவி பிசகி, சுழலிகளே கப்பலை வெளியே தள்ளுவது வேறொன்று. இரண்டிலும், கப்பலையும் கடலடித் துளையையும் இணைக்கும் ரைசர் குழாயை உடனே கழற்றியாக வேண்டும், ஆனால் காரணம் நேர்மாறானது. பின்னதை ‘உந்துவிலகல்’ என்றால் ‘உந்துநிலைகாப்பு’ என்ற சொல்லின் குடும்பத்தோடு ஒட்டுகிறது. முன்னதற்கு ‘இழுவிலகல்’ என்று வைத்திருக்கிறேன். சற்றே முரடாக ஒலிக்கிறது.

துளையிடு மேடையில் இருப்பவர்கள் ஆங்கிலச் சுருக்கமாக ‘டிபி’ என்றே சொல்வார்கள், சொல்லட்டும். நாம் எழுதுவது டர்பன் பிள்ளைகளின் அறிவியல் ஏட்டுக்கு.

தூத்துக்குடி மீனவர் நீரோட்டத்தை ‘நீவாடு’ என்பார்கள். அந்தக் கரையில் உறவு உள்ளவர்கள், நீவாட்டில் படகு தானாகப் போய்விடுவதற்குத் தனிச்சொல் உண்டா என்று கேட்டு எழுதுங்கள். இருந்தால் ‘இழுவிலகலை’ எடுத்துவிடுகிறேன்.