பாடாங் செராயில் பி.சி.பி. தொடக்க வகுப்பு: நடத்தியவர்கள், படித்தவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

சர்க்யூட் தம்பி

பள்ளி விடுமுறையில் எங்கள் ஊர் பாலாய் ராயாவில் (பொது மண்டபம்) பி.சி.பி. வடிவமைப்புக்கு, அதாவது மின்னணுப் பொருள்களைப் பற்றவைக்கும் சர்க்யூட் போர்டை வரைவதற்கு, ஒரு தொடக்க வகுப்பு வைக்கப் போகிறேன். பெயர் கொடுத்தவர்கள் கலவையான கூட்டம்: எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்த பிள்ளைகள், பொலிடெக்னிக் மாணவர்கள், கூலிம் ஹை-டெக் பூங்காவில் ஷிஃப்ட் பார்க்கும் அண்ணன், அக்காமார். பாதிப் பேரிடம் லேப்டாப் கிடையாது, இருவருக்கு ஒன்று என்று உட்கார வைக்க வேண்டும்.

போர்டு வரையும் மென்பொருள் கீகேட் (KiCad). 1992இல் பிரான்சில் ஒருவர் தொடங்கியது, பிறகு செர்ன் (CERN) இயற்பியல் ஆய்வகமும் கைகொடுத்தது. இலவசம்தான், ஆனால் ஒரு ஜிகாபைட்டுக்கு மேல் இறக்க வேண்டும். பாலாய் ராயா வைஃபையை நம்ப முடியாது, பென்டிரைவில்தான் கொண்டுபோவேன்.

முதல் போர்டு 555 டைமர் ஐ.சி. (நேரம் கணக்கிடும் சில்லு) வைத்து எல்.இ.டி. மின்ன வைப்பது. 10 கிலோ ஓம், 68 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள், 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போட்டால் நொடிக்கு ஏறக்குறைய ஒரு முறை மின்னும். எல்.இ.டி.யை ஓட்ட ஒரு டிரான்சிஸ்டரும் சேர்க்கலாமா என்று யோசனை. வகுப்பு எந்த இடத்தில் சிக்கியது என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

ஆர்.பி.டி. வாத்தியார்

தம்பி, டிரான்சிஸ்டரில்தான் எங்களுக்குச் சிக்கியது. ஒரு நான்காம் படிவ மாணவன் பிசி547 என்று வரைந்து, போர்டும் வந்துவிட்டது. டவுன் கடையில் அது இல்லையாம். "இதுவும் அதுவும் ஒன்னுதான்" என்று சி1815 கொடுத்து அனுப்பினார்கள். இரண்டுமே என்.பி.என். வகை டிரான்சிஸ்டர்கள், பார்க்கவும் ஒரே மாதிரிதான். ஆனால் தட்டையான முகம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால் பிசி547இல் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். சி1815இல் எமிட்டர், கலெக்டர், பேஸ். பையன் சி1815இன் கால்களை முறுக்கி முறுக்கிப் பற்றவைத்து எப்படியோ எரிய வைத்துவிட்டான். பாராட்டினேன், வேறென்ன செய்ய!

அதற்கப்புறம் எங்கள் வகுப்பில் பொருள் கைக்கு வந்த பிறகுதான் மவுஸைத் தொடலாம். வரைந்து முடித்ததும் 1:1 அளவில் காகிதத்தில் அச்சடித்து, கால்களைக் குத்திப் பார்க்க வேண்டும். அச்சுக் கடையில் "பக்கத்துக்குப் பொருத்து" என்ற தேர்வை நீக்கிவிடச் சொல்லுங்கள். அது படத்தைச் சுருக்கிவிடும், கால் இடைவெளி 2.54 மில்லிமீட்டர் இருக்காது. இப்படிச் சுருங்கிய காகிதத்தைப் பார்த்து "ஐ.சி.தான் சார் தப்பு" என்று அடித்துச் சொன்னவர்களும் உண்டு.

பழைய லைன் லீடர்

நான் படிக்கப் போன கதை இது. தொழிற்சாலையில் பல வருடம் கியூ.சி. (தரச் சோதனை) பார்த்துவிட்டு, இந்த வயதில் சுங்கை பட்டாணியில் ஒரு வகுப்பில் சேர்ந்தேன். பக்கத்தில் பொலிடெக்னிக் பையன். காலை முழுக்க ஓம் விதி, கிர்ச்சாஃப் விதி. எனக்குத் தூக்கம், அவனுக்கு இதெல்லாம் முன்பே தெரியும்.

மதியம் அவன் வரைந்ததை எட்டிப் பார்த்தேன். கெப்பாசிட்டரின் பிளஸ் குறியை அதன் உடம்புக்கு அடியிலேயே போட்டிருந்தான். "தம்பி, பொருளை ஏத்துன பிறகு இந்தக் குறி யார் கண்ணுக்குத் தெரியும்? திருப்பி வச்சிருந்தா எப்படிக் கண்டுபிடிப்பாங்க?" என்றேன். பேட்டரி கனெக்டரின் வாயும் போர்டின் உள்பக்கம் பார்த்தபடி இருந்தது. வயரை எங்கே செருகுவது? மென்பொருளின் டி.ஆர்.சி. (வடிவமைப்பு விதி) சோதனையில் இவை எதுவும் வரவில்லை. அது கோட்டுக்கும் கோட்டுக்கும் உள்ள இடைவெளி மாதிரி விதிகளைத்தான் பார்க்கும். அவன் எனக்கு ஃபுட்பிரின்ட் (போர்டில் ஒரு பொருளின் கால்கள் உட்காரும் அச்சு) தேடக் கற்றுக்கொடுத்தான். எங்கள் மேசையில்தான் வேலை ஓடியது.

லேப்டாப் குறைவு என்று கவலைப்படாதே. ஒரு மாணவரோடு தொழிற்சாலை ஆள் ஒருவரை உட்கார வை. அப்புறம், சனிக்கிழமை காலை 8 மணிக்குத் தொடங்காதே. நைட் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வீடு வந்து, குளித்துப் பசியாற வேண்டாமா?

பாகான் பையன்

வரைந்த போர்டை ஆலையில் செய்ய ஆர்டர் போடும் விஷயம் மட்டும் சொல்கிறேன். 1.6 மில்லிமீட்டர் தடிமன், 35 மைக்ரான் செம்பு, இதுதான் வழக்கமான தேர்வு, மாற்ற வேண்டாம். என் நண்பன் ஜெர்பர் கோப்பை (போர்டின் அடுக்குப் படங்கள்) அனுப்பினான், டிரில் கோப்பை (துளை போடும் இடங்கள்) விட்டுவிட்டான். ஆலையிலிருந்து கேட்டு எழுதினார்கள், அதில் நாள் போயிற்று. சீனப் பெருநாளை ஒட்டி ஆர்டர் போட்டால் சீனாவில் ஆலையே மூடியிருக்கும்.

சர்க்யூட் தம்பி

வாத்தியார் சார், டிரான்சிஸ்டரை எடுத்துவிட்டேன். ஒரு எல்.இ.டி.க்கு 555 ஐ.சி.யே போதும். பொருள்களை முன்பே வாங்கிப் பொட்டலம் கட்டித் தருகிறேன். காசு வடிவச் சின்ன 3 வோல்ட் பேட்டரி போதுமா என்று பெயர் கொடுத்தவர்களில் கேட்டவர்களுக்கு: சாதாரண என்.இ.555க்குக் குறைந்தது 4.5 வோல்ட் வேண்டும், 3 வோல்ட் போதாது. ஆகவே 9 வோல்ட்.

லைன் லீடர் அக்கா, தொடங்கும் நேரத்தை 11 மணிக்கு மாற்றிவிட்டேன். ஒரு வார இறுதியில் வரைந்து அனுப்புவது, போர்டு வந்த பிறகு இன்னொரு வார இறுதியில் பற்றவைப்பது. நடுவில் எத்தனை வாரம் என்பதைத் தபால் பார்த்துக்கொள்ளும். முதல் நாள் குறி சரிபார்க்க நீங்கள் வர முடியுமா? போக்குவரத்துக்கு ஏற்பாடு செய்கிறேன்.