அசாந்தே வழிபாட்டுக் கட்டடங்கள்: ‘தெய்வ வீடு’ என்ற சொல்லுக்கு ஆதரவாக

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

கானா நாட்டின் குமாசி நகரையும் அதன் வடகிழக்குப் பகுதியையும் சுற்றி எஞ்சியுள்ள, அங்கு வாழும் அசாந்தே மக்களின் வழிபாட்டுக் கட்டடங்களை நம் கலைச்சொல் பட்டியலில் தமிழில் எப்படிக் குறிப்பது என்ற கேள்விக்குக் கோயில், சன்னதி, வழிபாட்டுத் தலம் என மூன்று சொற்கள் முன்மொழியப்பட்டுள்ளன. மூன்றும் பொருந்தவில்லை என்பதும், ‘தெய்வ வீடு’ என்ற எளிய தொடரையே கலைச்சொல்லாகக் கொள்ளலாம் என்பதும் என் கருத்து. இதற்கான காரணம் சொல்லாராய்ச்சியில் கிடைப்பதைவிடக் கட்டடத்தின் அமைப்பிலேயே தெளிவாகக் கிடைக்கிறது.

நடுவே வானம் பார்த்த முற்றம். அதன் நான்கு பக்கமும் நான்கு அறைகள். அவற்றுள் மூன்று, முற்றத்தை நோக்கிய பக்கத்தில் சுவரே இல்லாதவை. முரசு கொட்டுவோருக்கும் பாடுவோருக்கும் சமையலுக்கும் அவை உரியவை. நான்காவது அறையில்தான் தெய்வம் உறைகிறது. அதன் முகப்பைப் பின்னல் வேலைப்பாடுள்ள தடுப்புகள் பாதி மறைத்திருக்கும். பூசகரும் அவருடைய உதவியாளர்களும் தவிர வேறெவரும் உள்ளே செல்வதில்லை. வீடுகளும் அரண்மனையும்கூட இதே முற்ற அமைப்பையே அடிப்படையாகக் கொண்டிருந்தன. 1817இல் ஆங்கிலேயத் தூதுக்குழுவுடன் குமாசிக்குச் சென்ற தாமஸ் எட்வர்ட் பௌடிச் வரைந்த படங்களில், முற்றத்தைச் சூழ்ந்த இவ்வறைகளையும் செங்குத்தாகச் சரியும் ஓலைக்கூரைகளையும் சுவர் அணிகளையும் காணலாம். 1874இல் வுல்ஸ்லி தலைமையில் வந்த பிரித்தானியப் படை குமாசியைத் தீயிட்டு அழித்தது. அதன் பின் எழுந்த வீடுகள் மெல்லமெல்ல வேறு வடிவங்களுக்கு மாறின. ஊர்ப்புறங்களில் தெய்வத்துக்கென நின்ற சில கட்டடங்களே தப்பின. 1980இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களாக ஏற்றது இவற்றைத்தான். ஆக, அசாந்தேயரின் பழைய வீடு எப்படியிருந்தது என்பதற்கு இன்று இவையே நேர்ச் சான்று. ‘வீடு’ என்ற சொல்லை விட்டுவிட்டு நாம் சூட்டும் எந்தப் பெயரும் இந்த வரலாற்றை மறைத்துவிடும்.

அசாந்தேயர் பேசும் ட்வி மொழியிலும் இதன் பெயர் ‘அபொசொம்ஃபியே’. ‘அபொசொம்’ தெய்வங்களையும் ‘ஃபியே’ வீட்டையும் குறிக்கும். இங்கே ‘கடவுள் வீடு’ என்று எழுதிவிடக் கூடாது. அனைத்துக்கும் மேலான கடவுள் ஞாமே. ஆறுகளோடும் ஏரிகளோடும் இணைத்துப் பேசப்படும் அபொசொம் அவருக்கு அடுத்த நிலையில் உள்ள தெய்வங்கள். தானோ ஆற்றின் தெய்வம் இவ்வகையில் பெயர் பெற்றது. ஞாமேக்கு உரியது ‘ஞாமே துவா’ என்னும், முற்றத்தில் நட்டு அதன் கவட்டில் கலம் வைத்த கிளைத்த மரத்தூண். எனவே ஞாமேக்குக் கடவுள் என்றும் அபொசொமுக்குத் தெய்வம் என்றும் இரு சொற்களையும் பிரித்தாளுவது நம் பட்டியலுக்கு நல்லது.

‘கோயில்’ என்பதும் கோ, இல் என்று பிரிந்து வீட்டைத்தானே சொல்கிறது என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். உண்மைதான், ஆனால் அச்சொல்லைப் படிக்கும் இன்றைய வாசகரின் மனத்தில் கோபுரமும் விமானமும் கருவறையும் எழுமே தவிர, மண்சுவரும் ஓலைக்கூரையும் எழா. ‘சன்னதி’ முழுக் கட்டடத்தையும் குறிக்காது. நான்காவது அறைக்கு மட்டும் அதைப் பயன்படுத்தலாமா என்றால், நம் சன்னதி அடியார் நின்று தெய்வத்தைக் காணும் இடம். அதுவோ காணவிடாமல் காக்கும் அறை. அதைத் ‘தெய்வ அறை’ என்றே சொல்லிவிடலாம். ‘தெய்வ மனை’ என்ற மாற்றுச் சொல்லை நானும் எண்ணிப் பார்த்தேன். ஆனால் ‘மனை’ இன்று விளம்பரப் பலகைகளின் சொல்லாகிவிட்டதால் விட்டுவிட்டேன்.

‘வழிபாட்டுத் தலம்’ பொருந்தாததற்கு வேறொரு காரணம் உண்டு. பெரும்பாலும் பித்தளைத் தட்டமொன்றில் சேர்த்து வைத்த பொருள்களே தெய்வம் வந்து தங்கும் இருப்பிடம். சடங்கு நாள்களில் அந்தத் தட்டத்தைத் தலைமேல் ஏந்திக்கொண்டு வெளியே வருவதும் உண்டு. நிலத்தோடு பிணைந்த தலம் என்ற கருத்து இதனோடு ஒட்டவில்லை. மேலும், ஆங்கில நூல்கள் தட்டத்தையும் கட்டடத்தையும் ஒரே சொல்லால் குறிப்பதால், தமிழில் ஒற்றைச் சொல் வைத்துக்கொண்டால் அந்தக் குழப்பம் அப்படியே நம்மிடமும் வந்து சேரும். தட்டத்தைத் ‘தெய்வக் கலம்’ என்றும் கட்டடத்தைத் ‘தெய்வ வீடு’ என்றும் தனித்தனியே பதிவு செய்யலாம். ஃபெட்டிஷ் என்ற பழைய ஐரோப்பியச் சொல்லைப் பின்பற்றிய ‘மாந்திரீக வீடு’ போன்ற ஆக்கங்களைப் பட்டியலில் சேர்க்கவே வேண்டாம். அது வெளியார் இட்ட இழிபெயர்.

உறுப்புச் சொற்களில் ஒன்றிரண்டு எளிதாகவே அமைகின்றன. நான்கு பக்கமும் அறைகள் சூழ்ந்த முற்ற வீட்டுக்கு யாழ்ப்பாண வழக்கில் ‘நாற்சார் வீடு’ என்ற பெயர் ஏற்கெனவே இருப்பதால், அமைப்பைக் குறிக்க ‘நாற்சார்’ போதும். மூன்று சுவருள்ள திறந்த அறையை அசாந்தேயர் ‘பத்தோ’ என்கிறார்கள். நம் பழைய வீடுகளின் ‘பத்தி’ ஒலியில் நெருங்கி வந்தாலும் அது தற்செயலே. பத்தி இன்று வேறு பல பொருள்களையும் சுமப்பதால் ‘முச்சுவர் அறை’ என்பதே என் தேர்வு. தரைக்கும் சுவரின் கீழ்ப்பகுதிக்கும் செம்மண் கரைசலை நாள்தோறும் பூசி வந்ததாகப் பௌடிச் எழுதுகிறார். இதற்கு ‘மெழுகுதல்’ இருக்க வேறெதையும் தேட வேண்டியதில்லை.

சுவர் அணிகளுக்குப் பெயரிடுவதுதான் கடினம். சுவரின் கீழ்ப்பகுதி செம்மண் நிறத்திலும் மேற்பகுதி வெண்களிமண் பூச்சிலும் இருக்க, சுருள்களும் கட்டங்களும் பறவை விலங்கு உருவங்களும் அவற்றின் மேல் புடைத்து நிற்கும். ‘புடைப்புச் சிற்பம்’ என்று எழுதும் பழக்கம் நமக்கு உண்டு. ஆனால் இங்கே யாரும் எதையும் செதுக்குவதில்லை. பிரம்புக் கீற்றுகளை வளைத்துச் சுவரில் பொருத்தி, அந்த எலும்புக்கூட்டின் மேல் ஈரக் களிமண்ணை அப்பி வழவழப்பாக்குகிறார்கள். ‘சுதை’ என்றால் சுண்ணாம்பு என்ற பொருள் வந்துவிடுகிறது. எனவே ‘மண்புடைப்பு’ என்று ஆக்கலாம். பெயர்ச்சொல்லாக நிற்கும், ‘மண்புடைப்புச் சுவர்’, ‘மண்புடைப்பாளர்’ என்று விரியவும் இடம் தரும். சங்கோஃபா முதலிய அதிங்க்ரா குறிகளின், அதாவது அசாந்தேயரின் மரபுச் சின்னங்களின், பெயர்களை மட்டும் மொழிபெயர்க்காமல் ஒலிபெயர்ப்பாகவே வைப்போம். அவை ஒவ்வொன்றும் ஒரு பழமொழியையோ கருத்தையோ சுமப்பவை என்பதால் விளக்கம் அடுத்த வரியில் வரட்டும்.

தெய்வ வீடு, தெய்வ அறை, தெய்வக் கலம், நாற்சார், முச்சுவர் அறை, மண்புடைப்பு ஆகிய ஆறையும் வரைவுப் பட்டியலில் சேர்க்கக் கோருகிறேன். பின்னல் தடுப்புக்குப் ‘பலகணி’யை நீட்டிக்கலாமா என்பதில் எனக்கு இன்னும் முடிவில்லை, மரபுக் கட்டடக்கலை அறிந்தவர்கள் சொல்ல வேண்டும்.