மெலியாய்டோசிஸ் கிருமி: தோட்டத்து மண்ணைச் சென்னையில் எங்கே பரிசோதிக்கலாம்?

முடிச்சூரில் இருக்கிறோம். அப்பாவுக்கு 62 வயது, ரொம்ப வருடமாகச் சர்க்கரை. ஐப்பசி மழையில் கொல்லையில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றபோது வெறுங்காலோடு மண்வெட்டி எடுத்து வடிகால் வெட்டிவிட்டார். அதன்பிறகு விட்டுவிட்டுக் காய்ச்சல், இருமல், உடம்பு இளைத்துக்கொண்டே போனது. காசநோயாக இருக்கும் என்றார்கள், சளியில் ஒன்றுமில்லை. அப்புறம் ஸ்கேனில் மண்ணீரலில் சீழ்க்கட்டி தெரிந்தது. இரத்தக் கல்ச்சரில் முதல் லேப் சூடோமோனாஸ் என்ற வேறொரு கிருமி என்று எழுதிவிட்டது. இன்னொரு லேபில்தான் மெலியாய்டோசிஸ் நோயை உண்டாக்கும் பர்கோல்டேரியா சூடோமல்லை என்று உறுதியானது. இது ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் இயல்பாகவே வாழும் கிருமி. சர்க்கரை உள்ளவர்களைத்தான் அதிகம் தாக்குகிறது.

நரம்பு ஊசி முடிந்து, இப்போது கோட்ரைமாக்சசோல் மாத்திரை. மூன்று மாதம் விடாமல் போட வேண்டும். நன்றாகத் தேறிவிட்டார். ஆனால் கீரைப்பாத்தியில் இறங்காமல் அவரால் இருக்க முடியாது, தடுக்க எனக்கும் மனசு வரவில்லை.

கம்பூட், ரப்பர் கையுறை வாங்கியாயிற்று. கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட்டோம். குடிப்பது காய்ச்சிய தண்ணீர்தான். தனியார் லேப்களில் கேட்டால் தண்ணீரில் கோலிஃபார்ம், ஈ.கோலை மட்டும் பார்ப்போம் என்கிறார்கள். மண் என்றால் உரச்சத்தும் பிஎச்சும்தான். இந்தக் கிருமிக்கு ஓரடி ஆழத்து மண்ணை எடுத்து, ஆஷ்டவுன் என்ற, கிருமி வளர்க்கும் தனி ஊடகத்தில் வளர்த்துப் பார்க்க வேண்டும்.

சென்னையில் மண்ணையும் கிணற்று நீரையும் இப்படிக் கல்ச்சர் செய்து தரும் ஆய்வகமோ கல்லூரி நுண்ணுயிரியல் துறையோ எது?