புதுப்பிப்பு: ஆனேக்கல் வீட்டுத் தண்ணீரில் கோலிஃபார்ம், கோளாறு சம்ப்பில்தான் (தரையடித் தொட்டி)

பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி. கேள்வி இதுதான்: குழாய்த் தண்ணீர் பார்க்கத் தெளிவு, சோதனையில் மட்டும் கோலிஃபார்ம் (அசுத்தம் கலந்திருக்கலாம் என்று காட்டும் பாக்டீரியா) வருகிறது, ஏன்?

"ஒரு சாம்பிள் போதாது, மூணு இடத்துல எடுங்க" என்ற யோசனைதான் கைகொடுத்தது. தெரு லைன் சம்ப்பில் விழும் இடம், சம்ப், சமையலறைக் குழாய் மூன்றிலும் லேப் தந்த பாட்டிலில் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே கொடுத்தோம். லைன் தண்ணீர் சுத்தம். மற்ற இரண்டிலும் கிருமி. குடிநீருக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 10500 படி 100 மில்லியில் கோலிஃபார்ம் ஒன்றுகூட இருக்கக் கூடாது. சம்ப்பைக் காலி செய்து டார்ச் அடித்தால், டிரைனேஜ் சேம்பர் (கழிவுநீர்க் குழி) இருக்கும் பக்கச் சுவரில் மயிரிழை விரிசல், அதிலிருந்து கீழே கறுத்த ஈரக்கோடு. பக்கத்தில் சேம்பர் இருந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

விரிசலை வெட்டி வாட்டர்ப்ரூஃப் சிமெண்ட் கலவை அடைத்தோம். இறுகியபின் 5,000 லிட்டர் நிரப்பி, 25% குளோரின் உள்ள ப்ளீச்சிங் பவுடர் 1 கிலோவைக் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றினோம். லிட்டருக்கு 50 மில்லிகிராம் கணக்கு. பழைய பவுடரில் வீரியம் இருக்காது. மேல்தொட்டிக்கு ஏற்றி, ஒவ்வொரு குழாயிலும் குளோரின் வாடை வரும்வரை திறந்து மூடி, ராத்திரி முழுக்க விட்டு, பிறகு மொத்தத்தையும் வெளியேற்றினோம். அதுவரை அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது. ஆர்.ஓ. ஃபில்டர் இணைப்பையும் மூடிவிடுங்கள், குளோரின் அதன் மெம்ப்ரேனைக் (வடிகட்டும் சவ்வு) கெடுத்துவிடும்.

எதிர்பாராதது: பைப்புக்குள் படிந்திருந்த வழவழப்பு உரிந்து வந்து குழாய் முனை வலைகளை அடைத்தது. கழற்றிக் கழுவினால் போதும்.

மறுசோதனையில் மூன்று சாம்பிளும் சுத்தம்.