வரவு செலவுத் திட்டம் முதலிலா, மேம்பாட்டுத் திட்டம் முதலிலா?

கேள்வி: வைகறை

அனைவருக்கும் வணக்கம். என் மகள் படிக்கும் அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினராக அண்மையில் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறேன். அடுத்த கூட்டத்தின் பொருள் நிரலில் ஆண்டு வரவு செலவுத் திட்டத்துக்கு ஒப்புதல் என்பது முதலிலும், மேம்பாட்டுத் திட்டம் பற்றிய கலந்துரையாடல் என்பது அதற்குப் பின்னும் இடம்பெற்றுள்ளன. பணத்துக்கு இசைவு தந்துவிட்டு, அந்தப் பணத்தால் என்ன செய்யப்போகிறோம் என்பதைப் பிறகு பேசுவது முறைதானா? குழு ஒப்புதல் அளித்துவிட்டால் அதுவே இறுதி முடிவாகுமா? கணக்கியல் பயிலாத நான் அங்கே எவற்றைக் கேட்க வேண்டும்?

பதில்: நெடுவழி

தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் ஐயம் நியாயமானது. அந்த வரிசை மாற்றப்பட வேண்டும். இந்தியாவின் கல்வி உரிமைச் சட்டம், 2009, தன் 22ஆம் பிரிவில், மேலாண்மைக் குழு தயாரிக்கும் பள்ளி மேம்பாட்டுத் திட்டமே அரசோ உள்ளாட்சி அமைப்போ வழங்கும் மானியத்துக்கு அடிப்படையாக அமைய வேண்டும் என்று கூறுகிறது. அச்சட்டத்துக்கான மத்திய அரசின் மாதிரி விதிகள் இத்திட்டத்தை 3 ஆண்டுகளுக்கு வகுத்து, ஆண்டுவாரியான துணைத் திட்டங்களாகப் பிரிக்கச் சொல்கின்றன. வகுப்புவாரியாக எத்தனை மாணவர் சேரக்கூடும், கூடுதலாக எத்தனை ஆசிரியர் தேவை, எந்தக் கட்டட வசதி குறைவாக உள்ளது என்பவற்றைக் கணித்த பிறகே இவற்றுக்கு எவ்வளவு நிதி வேண்டும் என்ற கேள்விக்கு வருகிறார்கள்.

நடைமுறையில் பிழை நேர்வது பெரும்பாலும் தொடக்கத்திலேயேதான். பலரும் வாங்க வேண்டிய பொருள்களின் பட்டியலையே திட்டம் என்று எண்ணிவிடுகிறார்கள். மாணவர் வருகைப் பதிவேடும், எந்த வகுப்பில் எத்தனை குழந்தைகள் தடையின்றி வாசிக்கிறார்கள் என்ற மதிப்பீடும், இடைநின்றோர் விவரமும் மேசைக்கு வராமல் எழுதப்படும் திட்டம், நோயை அறியாமல் எழுதப்படும் மருந்துச் சீட்டைப் போன்றது. நான்காம் வகுப்பில் பாதிப் பேருக்கு வாசிப்புத் தடுமாறுகிறது என்று தெரிந்தால், அதற்குப் பொறுப்பேற்கும் ஆசிரியர் யார், எந்த நேரத்தில் கூடுதல் பயிற்சி அளிக்கப்படும், முன்னேற்றம் எப்போது மீண்டும் அளக்கப்படும் என்பவற்றை எழுதிய பின்னரே தொகையை எழுத வேண்டும். அவற்றுள் சில பணமே தேவைப்படாதவை என்பதும் அப்போது தெரியவரும். இலக்குகள் மூன்று நான்குக்குமேல் போகாதிருப்பது நல்லது.

பதில்: ஏடும் எழுத்தும்

நான் கணக்குத் தணிக்கைப் பணியில் இருந்தவள். ஒப்புதல் இறுதியா என்பது இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. இந்தியச் சட்டத்தின்படி குழு திட்டத்தைத் தயாரித்துப் பரிந்துரைக்கிறது. நிதியைத் தீர்மானிப்பது அரசு. சிகாகோ நகரில் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான உள்ளூர்ப் பள்ளி மன்றங்கள், தம் பள்ளியின் மேம்பாட்டுத் திட்டத்தையும் செலவுத் திட்டத்தையும் வாக்களித்து ஏற்கும் அதிகாரம் உடையவை. தென்னாப்பிரிக்காவின் 1996ஆம் ஆண்டுப் பள்ளிகள் சட்டமோ இன்னும் ஒரு படி மேலே சென்று, நிர்வாகக் குழு தயாரித்த வரவு செலவுத் திட்டத்தைப் பெற்றோர் அனைவரின் பொதுக்கூட்டத்தில் வைக்கச் சொல்கிறது. அக்கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும்; கூட்டத்துக்கு 14 நாள் முன்பாகவே ஆவணம் பள்ளியில் பார்வைக்கு இருக்க வேண்டும். என் பார்வையில் அந்த 14 நாள்தான் அதன் உயிர்நாடி. கூட்டத்தில் முதன்முறையாகக் கைக்கு வரும் தாளை எவராலும் ஆராய இயலாது.

நீங்கள் கேட்க வேண்டியவற்றுக்குக் கணக்கியல் தேவையில்லை. சென்ற ஆண்டு ஒதுக்கியது எவ்வளவு, உண்மையில் செலவானது எவ்வளவு என்று இரண்டையும் அருகருகே காட்டச் சொல்லுங்கள். குறிப்பிட்ட நோக்கத்துக்கென்றே வந்த மானியம் எது, குழு விருப்பப்படி பயன்படுத்தத்தக்கது எது என்று பிரித்துக் கேளுங்கள். ஆசிரியர் ஊதியத்தை அரசே நேரடியாக வழங்கும் இடங்களில் இந்த இரண்டாவது பகுதி மிகச் சிறியதாகவே இருக்கும்; ஆகவே அது சிதறாமல் பார்ப்பது முக்கியம். கணினி வாங்கினால் பழுதுபார்க்கும் செலவை வரும் ஆண்டுகளில் யார் ஏற்பார் என்பதையும் கேளுங்கள்.

பதில்: கரும்பலகை

திட்டம் முதலில் என்பதில் மாறுபாடில்லை. ஆனால் எவ்வளவு நிதி வரும் என்ற மதிப்பீடே இல்லாமல் திட்டமிட்டால் அது வெறும் விருப்பப் பட்டியலாகிவிடும். இரண்டையும் மாறி மாறித் திருத்தித்தான் முடிக்க முடியும். மானியம் நிதியாண்டின் பிற்பகுதியில் வந்து சேரும் பள்ளிகளும் உள்ளன. எனவே பணிகளை முன்னுரிமை வரிசையில் எழுதி, தொகை குறைந்தால் எதை ஒத்திவைப்பது என்பதையும் தீர்மானத்திலேயே சேர்த்துவிடுங்கள். ஆண்டின் நடுவே மாற்றம் தேவைப்பட்டால் அதற்குத் தனித் தீர்மானம் வேண்டும்.

வைகறை

மூவருக்கும் நன்றி. பொருள் நிரலில் இரண்டின் வரிசையையும் மாற்றுமாறும், சென்ற ஆண்டின் கணக்கை முன்கூட்டியே தருமாறும் தலைமையாசிரியரிடம் எழுத்து வடிவில் கேட்கவிருக்கிறேன். ஆவணம் கிடைக்காமலேயே கூட்டம் நடந்தால் கையொப்பமிட மறுக்கலாமா?

ஏடும் எழுத்தும்

மறுக்கலாம். ஆனால் எழுந்து வெளியேறிவிடாதீர்கள். ஆவணம் முன்னதாகத் தரப்படாததால் ஒப்புதலை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கக் கோரினேன் என்ற ஒரே வரியைத் தீர்மானப் புத்தகத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள். வருகைக்கான கையொப்பத்தையும் ஒப்புதலுக்கான கையொப்பத்தையும் தனித்தனிப் பக்கங்களில் பெறுகிறார்களா என்பதையும் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.