கத்திரி வெயிலில் கவிழ்ந்த 4.6 கிகாஹெர்ட்ஸ்

என் வீடு மதுரையில், மேலே மொட்டை மாடி, ஏசி கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பட்ட பாட்டில் பாதி இதனால்தான்.

2011-ல் வந்த இன்டெல் ஐ5 2500கே பிராசசர் சிப், பழையதாக வாங்கினேன். அதைக் கம்பெனி வைத்த வேகத்துக்கு மேலே ஓட்டிப் பார்த்த (ஓவர்கிளாக்கிங்) கதை இது. இயல்பான வேகம் 3.3 கிகாஹெர்ட்ஸ், டர்போவில் 3.7. மல்டிபிளையர் (100 மெகாஹெர்ட்ஸை எத்தனை மடங்காக்குவது என்ற எண்) பூட்டப்படாத சிப், பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்னால் வரும் அமைப்புத் திரையில், 46 என்று போட்டால் 4.6 ஆகிவிடும். சிரமமெல்லாம் வோல்டேஜில்தான். 4.4-க்கு 1.28 வோல்ட் போதும் என்ற சிப், 4.6-க்கு 1.38 கேட்டது. அதற்குக் கீழே வைத்தால் விண்டோஸ் ஏறும், பாட்டுக் கேட்கலாம், ஆனால் சிப்பைக் கசக்கிச் சோதிக்கும் பிரைம்95 நிரலை ஓடவிட்ட பத்தாவது நிமிடம் ஒரு கோர் (சிப்புக்குள் தனியாகக் கணக்குப் போடும் பிரிவு) மட்டும் ரவுண்டிங் பிழை, அதாவது கணக்கில் தப்பு, என்று சொல்லிவிட்டு நின்றுவிடும், இல்லையென்றால் 101 என்று முடியும் பிழை எண்ணோடு விண்டோஸ் கவிழ்ந்ததைக் காட்டும் நீலத் திரை.

டிசம்பர் ராத்திரியில் சோதித்தேன். அறை 25 டிகிரி, சிப் 78, எட்டு மணி நேரம் பிசிறில்லாமல் ஓடியது. அப்புறம் கத்திரி வந்தது. மதியம் வீடியோ ரெண்டர் போட்டுவிட்டுச் சாப்பிட்டு வந்து பார்த்தால் நீலம். அறை 37, சிப் 90-ஐத் தாண்டியிருந்தது. ஃபேன் கூலர் அறைக் காற்றை வைத்துத்தானே குளிர்விக்கிறது, அறை 12 டிகிரி ஏறினால் சிப்பும் கிட்டத்தட்ட அவ்வளவே ஏறும். சூடான சிப் அதே வேகத்துக்கு இன்னும் கொஞ்சம் வோல்டேஜ் கேட்கும், கொடுத்தால் இன்னும் சூடு.

கூலரைக் கழற்றினேன். மதர்போர்டில் அழுத்திப் பூட்டும் நாலு பிளாஸ்டிக் முளைகளில் ஒன்று முழுசாக இறங்கவே இல்லை, அந்த மூலையில் சிப்பின் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் பேஸ்ட் வைத்தது வைத்தபடி இருந்தது. பழசைத் துடைத்து, பட்டாணி அளவு புதுசாக வைத்து, முளைகளைக் குறுக்குக்குறுக்காக அழுத்தியதில் 6 டிகிரி குறைந்தது. ஐந்து மாதமாக என் தப்போடுதான் ஓட்டியிருக்கிறேன்.

அதற்கப்புறமும் 4.4-க்கே இறங்கிவிட்டேன். சிப் இழுக்கும் மின்சாரம் வோல்டேஜின் வர்க்கத்தோடு ஏறும், வேகத்தோடும் ஏறும். போட்டுப் பார்த்தால் அந்தக் கடைசி 200 மெகாஹெர்ட்ஸில் கிடைப்பது 4.5 சதவீத வேகம், கொடுப்பது 21 சதவீதம் போல அதிக சூடு. யாருக்கு வேண்டும்?

* * *

இதைப் படித்த இன்னொருவரின் பதில்:

அண்ணே, உங்களுக்கு வேலை கொடுத்தால் கவிழ்ந்தது, எனக்குச் சும்மா இருக்கும்போது கவிழ்ந்தது.

என்னிடம் இருப்பது ஏஎம்டியின் ஆறு கோர் சிப், ரைசன் 5 5600எக்ஸ். இதில் மல்டிபிளையரைப் பிடித்து ஏற்றுவதில் பெரிய லாபம் இல்லை, கர்வ் ஆப்டிமைசர் என்ற அமைப்பில் கோர்களின் வோல்டேஜைப் படிப்படியாகக் குறைத்தால் மிச்சமாகும் சூட்டை வைத்து அதுவே வேகத்தை ஏற்றிக்கொள்ளும். எல்லா கோருக்கும் மைனஸ் 20 படி வைத்தேன். சினிபெஞ்ச் என்ற வேகச் சோதனை ஜோராக ஓடியது, பிரைம்95 ஆறு மணி நேரம் தாண்டியது. சரி என்று படுத்தால் காலையில் கணினி தானாக ரீஸ்டார்ட் ஆகிக் கிடக்கும். மூன்று நாள் பவர் சப்ளையைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

எல்லா கோரும் உழைக்கும்போது வேகம் குறைவு. வேலை இல்லாத நேரத்தில் ஒரு கோர் மட்டும் சட்டென்று 4.6-க்குத் தாவும், அங்கேதான் குறைத்த வோல்டேஜ் போதாமல் போகிறது. ஒவ்வொரு கோராகத் தனித்தனியே சோதித்ததில் ஒன்றே ஒன்றுதான் மாட்டியது, அதை மைனஸ் 8-க்கு ஏற்றியதும் அடங்கிவிட்டது. கூத்து என்னவென்றால், ஆறில் சிறந்தது என்று ஏஎம்டியின் ரைசன் மாஸ்டர் நிரல் நட்சத்திரம் போட்டுக் காட்டுவது அந்தக் கோரைத்தான்.