மறுமொழி: ஜப்பானிய ‘கிரகிர’ வகைச் சொற்களுக்குப் பொதுப்பெயர்

அனைவருக்கும் வணக்கம். நம் ஜப்பானிய–தமிழ்ச் சொற்பட்டியலில், ஓசையாலேயே பொருளை உணர்த்தும் ‘கிரகிர’ போன்ற சொற்களுக்குத் தமிழில் என்ன பொதுப்பெயர் வைப்பது என்ற உரையாடலுக்கு இது என் மறுமொழி.

> ‘இரட்டைக்கிளவி’ இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

நியாயமான கேள்வி. நம்முடைய ‘பளபள’வும் விண்மீன் மினுங்குவதைச் சொல்லும் ஜப்பானிய ‘கிரகிர’வும் ஒரே இனமாகத்தான் தெரிகின்றன. ஆனால் இரட்டைக்கிளவி என்பது வடிவத்தைப் பார்த்து வைத்த பெயர். சொல் இரட்டித்து வரவேண்டும், பிரித்தால் பொருள் தரக்கூடாது. ஜப்பானியத்தில் இரட்டிக்காதவையும் ஏராளம். சட்டை அளவாகப் பொருந்தினால் ‘பித்தரி’, முகம் மலரச் சிரித்தால் ‘நிக்கொரி’. நம் ‘சட்டென்று’, ‘பளிச்சென்று’ போன்றவையும் இப்படித்தான் இரட்டைக்கிளவிக்கு வெளியே நிற்கின்றன. மறுபக்கம், மலையைக் குறிக்கும் ‘யம’ இரட்டித்து ‘யமயம’ ஆனால் மலைகள் என்று பன்மைதான் வருகிறது. அதை இந்த இனத்தில் சேர்க்க முடியாது.

‘ஒலிக்குறிப்புச் சொல்’ என்ற முன்மொழிவும் பாதி தூரம்தான் போகிறது. நாய் ‘வன்வன்’ என்று குரைப்பதற்குப் பொருந்தும். ‘கிரகிர’வில் எந்த ஒலியைக் கேட்பது? ஒரு சத்தமும் இல்லாத அமைதிக்கே ஜப்பானியர் ‘ஷீன்’ என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்.

அவர்கள் மொத்தத்துக்கும் பிரெஞ்சு வழியாக வந்த ‘ஒனொமதொபெ’யைப் பொதுப்பெயராகப் பயன்படுத்துகிறார்கள். உட்பிரிவுகளுக்குத் தங்கள் சொற்கள் உண்டு: பொருள்களின் ஓசைக்கு ‘கிஒங்கொ’, மனிதர், விலங்குகளின் குரலுக்கு ‘கிஸெய்கொ’, நிலையையும் தன்மையையும் காட்டுவதற்கு ‘கிதாய்கொ’, மன உணர்வுக்கு ‘கிஜோகொ’. எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கும் ‘கி’ ஒன்றைப்போலச் செய்வதைக் குறிக்கிறது.

இந்தப் பாகுபாடு நமக்கு அந்நியமானதில்லை. இடையியலில் தொல்காப்பியர் ‘என’ என்ற இடைச்சொல் வரும் இடங்களாக வினை, குறிப்பு, இசை, பண்பு, எண், பெயர் ஆகிய ஆறையும் சொல்கிறார். ‘ஒல்லென ஒலித்தது’ இசை, ‘துண்ணெனத் துடித்தது’ குறிப்பு. ஓசையைச் சொல்வதும் ஓசையில்லாததை உணர்த்துவதும் வேறு வேறு என்று அங்கேயே பிரித்தாயிற்று. எனக்கு மிகவும் பிடித்தது இதற்கு அடுத்த பொருத்தம். ஜப்பானியர் ‘நிக்கொரி தொ’ சிரிக்கிறார்கள். அந்த ‘தொ’, ‘வருகிறேன் என்று சொன்னான்’ என்பதில் நம் ‘என்று’ நிற்கும் இடத்திலும் வரும் அதே ஒட்டு. ஒருவர் பேச்சை எடுத்துச் சொல்லும் உருபையே இந்தச் சொற்களுக்கும் கொடுக்க வேண்டும் என்று இரண்டு மொழிகளுக்கும் தோன்றியிருக்கிறது. இரட்டித்த சொற்களிலும் ‘நிக்கொரி’ போன்றவற்றிலும் ‘தொ’வை விட்டுவிடலாம், ‘ஷீன்’ போன்றவற்றில் பெரும்பாலும் விட முடியாது. சொல்லைப் பேச்சில் புழங்க நினைப்பவருக்கு முதலில் தேவைப்படுவது இதுதான். ஆகவே சொற்பட்டியலில் ஒவ்வொரு பதிவிலும் இதைக் குறிக்க வேண்டும்.

பொதுப்பெயராக ‘சாயற்கிளவி’யை முன்வைக்கிறேன். சொல்லின் ஓசையே பொருளின் சாயலைக் காட்டுவதால் இந்தப் பெயர். அதன் கீழ் ஓசைக்கும் குரலுக்கும் ‘ஒலிக்கிளவி’, நிலைக்குக் ‘குறிப்புக்கிளவி’, உணர்வுக்கு ‘மெய்ப்பாட்டுக்கிளவி’. ‘இசைக்கிளவி’ என்றே வைத்திருப்பேன். இன்று இசை என்றால் பாட்டுக் கச்சேரிதான் முதலில் நினைவுக்கு வரும் என்பதால் விட்டேன். ‘எனக்கிளவி’யும் சரிவராது, தொல்காப்பியர் அந்த இடைச்சொல்லையே ‘என என் கிளவி’ என்கிறார்.

மெய்ப்பாட்டுக்கிளவியைத் தனியாக வைக்க வேண்டுமா என்று சிலர் தயங்கலாம். வேண்டும் என்பதே என் கருத்து. இதயம் படபடப்பது ‘தொகிதொகி’, ஆவலில் மனம் துள்ளுவது ‘வகுவகு’. இரண்டோடும் ‘செய்’ என்று பொருள்படும் ‘சுரு’ சேர்த்தால் வினையாகிவிடும். அன்றாடப் பேச்சில் இவற்றைத் தவிர்த்துப் பேசினால் ஜப்பானியம் வறண்டுபோகும்.

வலியைச் சொல்லவும் இவை வேண்டும். தோல் காந்தினால் ‘ஹிரிஹிரி’, ஊசி குத்துவதுபோல் இருந்தால் ‘சிகுசிகு’, வயிற்றைப் பிடித்துத் திருகினால் ‘கிரிகிரி’. ‘விண்விண்ணென்று தெறிக்குது’, ‘சுருக்குன்னு குத்துது’ என்று மருத்துவரிடம் சொல்லிப் பழகிய நமக்கு இது எளிதாகவே கைவரும். இந்தச் சொற்களுக்கு வெறுமனே ‘வலி’ என்று பொருள் எழுதாமல், தமிழில் உள்ள இணைச்சொல்லைத் தேடிப் போடுவோம்.

எழுத்துச் சிக்கல் ஒன்று பாக்கி. சிறிய, இலேசான பொருள் உருண்டால் ‘கொரொகொரொ’. பெரிய, கனமான பொருள் உருண்டாலோ இடி உருண்டாலோ, ‘காந்தி’யின் முதல் ககரம்போல் ஒலிக்கும் ‘கொரொகொரொ’. ‘கிரகிர’வும் அப்படித்தான்: முதல் ஒலி மாறினால் மினுக்கம் போய்க் கண்ணைக் கூசவைக்கும் வெறி வெளிச்சம் வந்துவிடும். ஜப்பானிய எழுத்தின் தலையில் இரண்டு சிறு கோடுகள் போட்டால் இந்த வேறுபாடு தெரிந்துவிடுகிறது. நம் எழுத்தில் தெரியாது. கனமும் முரட்டுத்தனமும் பெரும்பாலும் இந்த ஒலிமாற்றத்தில்தான் இருக்கின்றன என்பதால் இதைக் கைவிட முடியாது. ‘ஒலிப்புடை’ என்பதன் சுருக்கமாக ‘உடை.’ என்று சொல்லுக்கு முன் குறிக்கலாமா? ஒரு மாதிரிப் பதிவு:

உடை. கொரொகொரொ — சாயற்கிளவி (ஒலி, குறிப்பு), ‘தொ’ கட்டாயமில்லை, ‘சுரு’ ஏற்கும். 1. கடகடவென, திடுதிடுவென (கனமானது உருளல், இடி). 2. வேலையின்றி வீட்டில் புரண்டு கிடத்தல்.

இரண்டாம் பொருளுக்குத் தமிழில் இணையான ஒரு கிளவி யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள்.